ஏழு மணிக்குச் சாக வேண்டிய நரகாசுரன்

சாமுண்டீஸ்வரியின் கையிலிருந்த குங்குமத் தட்டு கிரணிடம் வந்தது. விஜியைத் தாண்டியது. வேம்புலியிடம் போய் நின்றது.

மூன்று பேரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். விஜி நடுவில். அவளைத் தாண்டும்போது தட்டு ஓரடி உயரமாகப் போனது. மேனாம்பேடு ரோட்டுப் பள்ளத்தில் பழகின பைக்குக்காரன் ஒடித்துத் திருப்புவதுபோல, அவ்வளவு லாகவம். தட்டிலிருந்து ஒரு பொட்டுக் குங்குமம்கூடக் கீழே சிந்தவில்லை.

மின்விசிறி சுற்றியது. விஜி தன் மடியிலிருந்த வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவள் செய்த வில். கரண்டு ஒயர் போகிற பிளாஸ்டிக் குழாயைச் சூடு காட்டி வளைத்து, அவள் வேலை பார்க்கும் ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் வெட்டிப் போட்ட ஜரிகைத் துண்டுகளைச் சுற்றியிருந்தாள். ஆறு வருடமாகத் தீபாவளியன்று சாயங்காலம் அந்த வில்லால்தான் அந்தத் தெருவில் நரகாசுரன் செத்தான். சத்யபாமா விஜி. கிருஷ்ணர் அவள் புருஷன் ரகுநாதன். நரகாசுரன், தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் வேம்புலி.

போன வருடம் நாடகம் இல்லை. ஆவணியில் ரகுநாதன் அவள் கம்பெனி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். புரட்டாசியில் கிரணின் மனைவி மோகனப்பிரியா டெங்குவில் போனாள். ஒரே தெருவில் இரண்டு சாவு. தெருச் சங்கம் கூடி, நரகாசுரனுக்கு ஒரு வருடம் விடுப்பு கொடுத்தது. இப்போது வருடம் திரும்பிவிட்டது. சங்கத் தலைவர் மணவாளன் வீட்டுக் கூடத்தில் வேடம் பிரிக்கிறார்கள்.

"அந்த வில்லக் குடு கண்ணு," என்றாள் சாமுண்டீஸ்வரி. மணவாளனின் மனைவி. அந்தத் தெரு மனைகளாகும் முன்பு, அவர்கள் வீட்டு நெல் விளைந்த இடம். அதனால் தெருவில் யார் எதைக் கேட்டாலும் கேட்பதுபோலிருக்கும். அவள் கேட்டால் வாங்கிக்கொள்வதுபோலிருக்கும்.

விஜி கொடுக்கவில்லை. "எதுக்கும்மா?"

"ஒனக்கோசரம்தான் சொல்றேன். பாமா வேசம்னா தலை நெறைய பூ, நெத்தி நெறைய பொட்டு, கழுத்துல தாலி. நல்ல நாளும் பெரிய நாளுமா நீ போய் மேடையில நின்னா, நாளைக்கி எவளாச்சும் ஒன்ன ஒரு சொல்லு சொல்லிடக் கூடாது பாரு. என் மனசு தாங்காது."

"அப்ப பாமா யாரு?" என்று வேம்புலி கேட்டான்.

"நான்தான். வேற யாரு கீறாங்க?"

வேம்புலிக்கு டீ புரையேறியது. சாமுண்டீஸ்வரிக்கு ஐம்பத்தாறு வயது. மாடிப்படி ஏற இரண்டு இடத்தில் நிற்பாள்.

"தலைவரம்மா, வில்லு தூக்கணும்."

"கேஸ் சிலிண்டரு தூக்குறேன். வில்லு தூக்க மாட்டேனா?"

"கிருஷ்ணரு?"

"கிரணு கீறானே. ஒசரம், நெறம், படிப்பு. வேற இன்னா வேணும்?"

மணவாளன் அட்டைப் பெட்டியிலிருந்து மயிலிறகு கிரீடத்தை எடுத்துக் கிரணின் தலையில் வைத்தார். உள்பட்டையில் ரகுநாதனின் தலை எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. கிரீடம் காது வரைக்கும் இறங்கியது. கிரண் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டான்.

"எனக்கும் மோகனா இல்லியேம்மா?"

"ஐய, ஆம்பளைக்கி இன்னா கண்ணு? பதினாறு முடிஞ்சா புது மாப்ள. பாரிவாக்கத்துல ஒரு பொண்ணு கீது, பி.காம்., ஒரே பொண்ணு. போட்டோ வாங்கி ஃபிரிட்ஜு மேல வெச்சிகீறேன். தீபாவளி போவட்டும், பேசலாம்."

கிரண் அம்பத்தூர் எஸ்டேட்டில் தரப் பரிசோதகன். நாள் முழுக்க வாஷர்களையும் பிரேக் தகடுகளையும் அளந்து, பச்சை ஸ்டிக்கரோ சிவப்பு ஸ்டிக்கரோ ஒட்டுவது வேலை. மோகனா போனபிறகு எதுவும் பெரிதாக உறைப்பதில்லை. சாப்பாடு உறைப்பதில்லை; ஆறுதல் உறைப்பதில்லை. ஆனால் இது அவன் தொழில் சம்பந்தப்பட்டது. ஒரே டிராயிங், ஒரே பேட்ச், ஒரே குறை. ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு. எந்தக் கம்பெனியிலும் இப்படி நடக்காது. நடந்தால் பரிசோதகனை மாற்றுவார்கள்.

"ரூல்ஸ் இன்னான்னு ஒருவாட்டி முழுசா சொல்லுங்கம்மா," என்றான்.

சாமுண்டீஸ்வரி ஆசையாகச் சொன்னாள். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் எதிரே வரக்கூடாது. விசேஷ வீட்டில் முன்னே நிற்கக்கூடாது. மங்கலப் பொருளைக் கையால் தொடக்கூடாது. பூவும் பொட்டும் கூடாது. கடைசிப் பந்தியில் உட்கார வேண்டும்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

விஜி வில்லை டீப்பாய் மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை மணவாளன் முகப்பேரில் பல் டாக்டரைப் பார்க்க ஸ்கூட்டரைக் கிளப்பினார். எதிர்வீட்டில் கிரண் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தான். மணவாளனைப் பார்த்தான். பால் பாக்கெட்டை எடுக்காமல் உள்ளே ஓடி, கதவைப் படாரென்று சாத்தினான்.

மணவாளனுக்குப் புரியவில்லை. கண்ணாடியை மறந்தது ஞாபகம் வந்து உள்ளே போய்த் திரும்பினார். அதற்குள் கிரண் கதவைத் திறந்திருந்தான். அவரைக் கண்டதும் மறுபடி படார்.

"ஏம்பா, நான் இன்னா கடன்காரனா? என்னப் பாத்து ஏன் ஓடுற?"

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நல்ல காரியமா போறீங்க தலைவரே. நான் எதிர்ல வரக்கூடாது. பொண்டாட்டி செத்தவன்."

"அட, பல்லு புடுங்கப் போறேன்யா!"

"பல்லு நல்லபடியா வரணும் இல்ல?"

வியாழக்கிழமை தெருக்கோடியில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம். கிரண் போனான். வெளிக்கேட்டுக்கு அந்தப் பக்கம், செருப்புகளுக்கு நடுவில் நின்றான். பால் பொங்கும்போது வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து இழுத்தார். அவன் கேட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டான். "வேணாம் சார். அப்புறம் பால் திரிஞ்சா என்னைச் சொல்வீங்க." கடைசிப் பந்தியில் உட்கார்ந்தான். வடை தீர்ந்திருந்தது. அதையும் விதியில் சேர்த்துக்கொண்டான். சந்தனம் நீட்டினார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவன் புரட்சி எதுவும் செய்யவில்லை. ஒரு பட்டியல் கொடுத்தார்கள்; அதன்படி நடந்தான். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. காலையில் எழுந்தால் செய்ய ஏதோ இருந்தது.

தெரு சிரித்தது. பிள்ளைகள் வேண்டுமென்றே ஸ்கூல் பையோடு அவன் வாசலில் நின்று, "அண்ணா, பரீட்சைக்குப் போறோம்!" என்று கத்தினார்கள். உள்ளே கதவு சாத்தும். வேம்புலி மட்டும் அழாத குறையாகக் கேட்டான்.

"மச்சான், தெருவுல எப்பப் பார்த்தாலும் எவனாச்சும் எங்கியாச்சும் கெளம்பிகினுதான் கீறான். நீ கதவ மூடிகினா, நான் தண்ணி கேன யாருகிட்ட குடுக்குறது?"

நான்காம் நாள் காலை, எஸ்டேட் பஸ்ஸுக்கு நிற்கும்போது விஜி வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் அதே பஸ்தான். சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"இன்னா கிரணு, தெருவுல கூத்து நடத்துறியாமே?"

"கூத்து இல்லக்கா. அவங்க சொன்ன ரூல்ஸ்தான். எனக்கும் அதானே."

"ஒனக்கும் அதானா?" அவள் குரல் உயரவில்லை. "ஒனக்கு அது வேசம்டா. போரடிச்சா கழட்டி ஆணியில மாட்டிட்டு, பாரிவாக்கத்து போட்டோவ எடுத்துப் பாப்ப. என்னால கழட்ட முடியுமா? நீ ஒவ்வொரு வாட்டி கதவ மூடும்போதும் தெரு சிரிக்குது. சிரிச்சிட்டு யாரப் பாக்குது தெரியுமா? அடுத்து நான் வரேனான்னு பாக்குது."

கிரண் பஸ் வரும் பக்கம் பார்த்தான்.

"எனக்கு நாயம் வாங்கிக் குடுன்னு ஒன்ன யாரு கேட்டா? எனக்கு அந்த வேசம் வேணும். அவ்ளோதான். முன்னூத்தி அறுபத்தி நாலு நாளு சட்டையில நூல் பிசிறு பாக்குறேன். ஒரே ஒரு நாளு, வில்ல எடுத்து ஒரே ஒரு அம்பு உடுவேன். அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்திச்சி. அதையும் அவரோட சேத்து எரிச்சிட்டாங்க."

பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள். அவன் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே காது சூடாகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வெட்கம் என்று தெரிந்தது. ஒரு வருடத்தில் அவனுக்கு வந்த முதல் உணர்ச்சி அது. அடுத்த பஸ்ஸில் போனான். அரை மணி நேரம் தாமதம்.

அன்றோடு கதவு சாத்துவதை நிறுத்தினான்.

ஒத்திகையில் சாமுண்டீஸ்வரிக்கு வசனம் நிற்கவில்லை. 'அடே பாதகா' என்பது மட்டும் நன்றாக வந்தது. அது வீட்டில் பழக்கம். எனவே மணவாளன் ஒரு வழி கண்டுபிடித்தார். விஜி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கலாம்.

"பின்னாடிதானேம்மா. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. தோஷம் கெடையாது."

விஜி சரி என்றாள். கிரணுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. வேம்புலிக்கு இல்லை. "அண்ணி ஆறு வருசம் ஆடின ஆட்டம் மச்சான். மேடைக்குக் கிட்டக்க, ஒரு பொடவ தூரத்துலனாச்சும் ஒக்காரட்டும்," என்றான்.

தீபாவளியன்று காலை மழை. மதியம் விட்டது. மணவாளனின் விற்காத மனையில் ஒரு லாரி டிரெய்லரை நிறுத்தி, மேலே பிளைவுட் அடித்து, பின்னால் நீலச் சேலையைத் திரையாகக் கட்டினார்கள். அதுதான் நரகாசுரனின் தலைநகரம், பிராக்ஜோதிஷபுரம்.

நாடகத்துக்கு ஒரு கண்டிப்பான நேரக்கணக்கு இருந்தது. அரசாங்கம் பட்டாசு வெடிக்கச் சாயங்காலம் ஏழிலிருந்து எட்டுவரை ஒரு மணி நேரம்தான் கொடுக்கிறது. ரகுநாதன் அதற்கேற்றபடி கதையை அமைத்திருந்தான். ஆறு ஐம்பதுக்கு நரகாசுரன் கதாயுதத்தை வீச, கிருஷ்ணர் மயங்கி விழுவார். தாய் கையால் மட்டுமே சாவு என்று வரம் வாங்கியவன் நரகாசுரன். பூமாதேவியே சத்யபாமாவாகப் பிறந்திருக்கிறாள். அவள் கையில் வில் வரவேண்டும் என்பதற்காகக் கிருஷ்ணர் போடும் மயக்கம் அது. பாமா "நாதா" என்று கதறுவாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து சபைக்குச் சிரிப்பார். அவள் வில்லை எடுப்பாள். ஆறு ஐம்பத்து நாலுக்கு அம்பு. அதிலிருந்து சரியாக ஆறு நிமிடம் வேம்புலி சாவான். அந்தச் சாவைப் பார்க்க அயப்பாக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். ஏழு அடிக்கும்போது தலை சாயும். உடனே, லைட் கம்பத்திலிருந்து கேட்டுவரை கட்டியிருக்கும் பத்தாயிரம் வாலாவுக்குத் தீ வைப்பார்கள்.

அன்றும் எல்லாம் சரியாகத்தான் போனது. சாமுண்டீஸ்வரி அரக்குப் பட்டும் நாலு முழம் மல்லியும் சொந்த நகை முழுவதுமாக வந்து நின்றபோது பாமாவே கொஞ்சம் பயந்திருப்பாள். வசனத்துக்கு வசனம் நீலச்சேலைக்குப் பின்னாலிருந்து விஜியின் குரல் மெதுவாக வரும். அதில் பாதியை இவள் சத்தமாகச் சொல்வாள். மீதிக்கு "கண்ணு" என்று சேர்த்துக்கொள்வாள்.

ஆறு ஐம்பது. வேம்புலி ஸ்பாஞ்சு கதாயுதத்தை வீசினான். அது கிரணின் நெஞ்சில் பட்டது. கிரண் விழுந்தான். கிரீடம் உருண்டது.

சாமுண்டீஸ்வரிக்கு அடுத்த வரி மறந்துவிட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து விஜி எடுத்துக்கொடுத்தாள். "நாதா, கண்ணைத் திறந்து என்னைப் பாருங்கள்."

நடிப்பில்லாமல் சொன்னாள். எடுத்துக்கொடுக்கிற குரல். கிரணின் காது சேலைக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அவள் அந்த வரியை ஆறு வருடம் ரகுநாதனிடம் சொல்லியிருக்கிறாள். ஆறு தடவையும் அவன் திறந்தான். கம்பெனி வாசலில் ஏழாவது தடவை சொல்லியிருப்பாள்.

கிரணும் சொன்னவன்தான். ஆஸ்பத்திரியில், மூன்றாம் நாள். மோகனா, கண்ணத் தொற. டூட்டி டாக்டர் மணி பார்த்து எழுதினார். ஒரு படிவம் நீட்டினார். கையெழுத்துப் போட்டு, பேனாவை மறக்காமல் திருப்பிக் கொடுத்தான்.

யாரும் திறக்கவில்லை. இந்த ஒருவர் மட்டும் ஏன் திறக்க வேண்டும்?

கிரண் கண்ணைத் திறக்கவில்லை.

"நாதா, கண்ணத் தெறந்து பாரு கண்ணு," என்றாள் சாமுண்டீஸ்வரி. பிறகு குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "எந்திரிடா, மணி ஆவுது," என்றாள். பிறகு இடுப்பில் கிள்ளினாள்.

வேம்புலி தூக்கிய கதையோடு நின்றான். கொசு அவன் அட்டைக் கவசத்துக்குள் புகுந்து வேலை பார்த்தது. அவன் முட்டி போட்டுக் கிரண் பக்கம் சாய்ந்தான்.

"மச்சான், இன்னா ஆச்சி? அடி பட்டுச்சா?"

"கிருஷ்ணர் செத்துட்டார்," என்றான் கிரண், உதடு அசையாமல்.

"இன்னா மச்சான், நம்ம கதையில அப்டி இல்லியே!"

"இந்த வருசம் அப்டி."

வேம்புலியின் நெஞ்சுக் கவசத்தில் மைக் செருகியிருந்தது. அது அன்றைக்குப் பார்த்து நன்றாக வேலை செய்தது. 'கிருஷ்ணர் செத்துட்டார்' என்பது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலித்து, தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியில் மோதித் திரும்பி வந்தது.

முன்வரிசையில் ஒரு குழந்தை ஓவென்று அழுதது. அது அழ, எல்லாம் அழுதன.

வேம்புலி கலைஞன். வசனம் கெட்டால் கையிலிருப்பதை வைத்து ஒப்பேற்றுவான். எழுந்து நின்று மீசையை முறுக்கினான். "ஹஹஹா! அடியே பாமா! உன் புருசன் காலி! தாலி அறுத்தவள் வில்லைத் தொடலாமா? மேடையில் நிற்கலாமா? உள்ளே போடீ!"

தான் சொன்னது இன்னதென்று வேம்புலிக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சாமுண்டீஸ்வரியின் கை கழுத்துக்குப் போனது. மேடைக்குக் கீழே மணவாளன் குத்துக்கல்லாட்டம் நிற்பது அவள் கண்ணில் பட்டது. ஆனாலும் நல்ல நாளில், விளக்கு வெளிச்சத்தில், மைக்கில் சொல்லிவிட்டார்களே! "அபசகுனம்! அபசகுனம்! கோயிலத் தொறக்கச் சொல்லுங்க, மஞ்சக் கயிறு மாத்தணும்!" வில்லைத் தூக்கியெறிந்தாள். மாடிப்படிக்கு இரண்டு இடத்தில் நிற்பவள், டிரெய்லரிலிருந்து ஒரே தாவில் இறங்கினாள். நாலு முழ மல்லி படியில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது.

மணி ஏழு.

வாலாவின் திரிக்குப் பக்கத்தில் ஊதுவத்தியோடு நின்ற ஆள் கூவினான். "தலைவரே, கொளுத்தட்டா?"

"அசுரன் உசுரோட கீறானேப்பா!" என்றார் மணவாளன். "அவன் சாவாம எப்டிக் கொளுத்துறது? சாங்கியம் இல்லியே."

"டேய் வேம்புலி, நீயா செத்துடேன்டா!" என்று ஒரு குரல்.

"அதெப்டி? நான் வரம் வாங்கினவன். ஆத்தா கையாலதான் சாவேன். ஆறு வருசமா ஒழுங்கா செத்துகினு கீறேன், என் தொழில்ல குத்தம் சொல்லாதீங்க."

ஏழு ஐந்து. கூட்டம் நெளிந்தது. ஒவ்வொரு மடியிலும் ஒரு பட்டாசுப் பை இருந்தது. வீட்டில் இன்னொன்று இருந்தது. எட்டு மணிக்கு மேல் வெடித்தால் போலீஸ் வரும். வேறு சுமங்கலி யாராவது மேடை ஏறட்டும் என்றார் மணவாளன். செத்துப்போன கிருஷ்ணனுக்குப் பக்கத்தில் போய் நிற்க ஒரு சுமங்கலியும் எழுந்திருக்கவில்லை. அவரவர் தாலி அவரவருக்கு.

ஏழு ஒன்பது.

"விஜியக் கூப்புடுங்கப்பா!" கிரகப்பிரவேச வீட்டுக்காரர்தான். பெரிய பை அவருடையது. "சாங்கியத்த நாளைக்கிப் பாத்துக்கலாம்! மணி ஆவுது!"

"ஆமா, விஜிதான் நல்லா கொல்லும்!"

"யாராச்சும் கொல்லுங்கப்பா!"

மணவாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி போன கோயில் பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "யம்மா விஜி. சட்டுனு வந்து முடிச்சிடு."

நீலச்சேலை அசையவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"முழு வசனமும் சொல்லுவேன். சுருக்க மாட்டேன்."

"சொல்லு தாயி, சொல்லு!"

விஜி வந்தாள். பச்சைக் கட்டம் போட்ட பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, கொண்டையில் செருகிய பென்சில். கீழே கிடந்த வில்லை எடுத்து, ஜரிகையில் ஒட்டிய தூசியைத் துடைத்தாள். பிரிந்த ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். கிரண் அரைக்கண்ணால் பார்த்தது அவள் பாதத்தை மட்டும்தான். அது அவன் தலைமாட்டில் வந்து நின்றது.

"படுத்துகினே கெட," என்றாள் மெதுவாக. "எந்திரிச்சே, மொத அம்பு ஒனக்குத்தான்."

பிறகு நிமிர்ந்தாள். ஆறு வருடமாக அவள் தழுதழுத்துச் சொல்லும் வசனம் அது. அன்று தழுதழுப்பு இல்லை. புருஷன் எழுந்துவிடுவான் என்று தெரிந்தவளின் அழுகைதானே அதெல்லாம். அன்று, எழுந்திருக்க மாட்டான் என்று தெரிந்தவள் பேசினாள். குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்துகொண்டு பார்த்தன.

அம்பு வேம்புலியின் நெஞ்சில் சரியாகப் பட்டது.

ஏழு பதிமூன்று. வேம்புலி சாகத் தொடங்கினான். தள்ளாடினான். வானத்தைப் பார்த்தான். மேடையின் நாலு மூலைக்கும் போய் விடைபெற்றான்.

"சீக்கிரம் சாவுடா டேய்!"

வேம்புலி ஒரு விரலைத் தூக்கிப் பொறுக்கச் சொன்னான். ஆறு நிமிடத்தில் ஒரு விநாடி குறைக்கவில்லை. ஏழு பத்தொன்பதுக்குத் தலை சாய்ந்தது. ஊதுவத்திக்காரன் குனிந்தான்.

"இருப்பா. வரம் இன்னும் கேக்கல," என்றாள் விஜி. அவன் நிமிர்ந்தான்.

ஒருபக்கம் புருஷன், ஒருபக்கம் மகன். நடுவில் நின்று அவள் கடைசி வசனத்தைச் சொன்னாள். "என் மகன் இறந்த இந்த நாளை யாரும் துக்கமாகக் காக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, பூவும் பொட்டும் வைத்து, எல்லோரும் கொண்டாட வேண்டும்."

அங்கேயே முடிய வேண்டும். அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தாள்.

"எல்லாரும்னா எல்லாரும். சாவு விழுந்த ஊட்டுக்காரி கேட்டு வாங்கின வரம் இது. அவளையே வெளிய நிக்கச் சொல்லாதீங்க."

வில்லை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

வாலா வெடித்தது. புகை டிரெய்லரை மூடியது. அதற்குள் கிரண் மல்லாந்து கிடந்தான். கண்ணிலிருந்து காதுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. யாராவது கேட்டால் புகை என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பட்டாசு கொளுத்தப் போய்விட்டார்கள். பக்கத்தில் செத்துக் கிடந்த வேம்புலி மட்டும் கையை நீட்டி அவன் தோளைத் தட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. அதே கூடம். அதே சோபா. சாமுண்டீஸ்வரி புது மஞ்சள் கயிறோடு இருந்தாள். அம்மனுக்கு அபிஷேகம் செய்ததில், வந்த ஆபத்து தீபாவளிக்கு மறுநாள் மணவாளன் பிடுங்கிக்கொண்ட இன்னொரு கடைவாய்ப் பல்லோடு போய்விட்டது என்று நம்பினாள்.

மணவாளன் தீர்மானத்தைப் படித்தார். "இனி வரும் ஆண்டுகளில் கிருஷ்ணர், சத்யபாமா வேடங்களில் வாழ்க்கைத் துணையை இழந்த பெண்களோ ஆண்களோ நடிக்கக் கூடாது." 'ஆண்களோ' மட்டும் வேறு மையில், மேலே நுழைத்து எழுதியிருந்தது.

கிரண் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்து அவர் வேகமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டார். கிரண் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

"ஒனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லியா?"

"இல்ல தலைவரே. இப்பத்தான் ரூல்ஸு சரியா கீது. ஒரே பேட்ச், ரெண்டும் ரிஜெக்ட்."

குங்குமத் தட்டு வந்தது. கிரணைத் தாண்டியது. விஜியைத் தாண்டியது. ஓரடி உயரம், இருவருக்கும் ஒரே அளவு. ரோட்டில் இன்னொரு பள்ளம் விழுந்திருந்தது. அடைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஃபிரிட்ஜ் மேலிருந்த பாரிவாக்கத்துப் போட்டோவையும் காணோம்.

விஜி தீர்மானத்தை வாங்கிப் படித்தாள். சட்டையில் பிசிறு தேடுவதுபோல, விளிம்பிலிருந்து விளிம்புவரை. பிறகு கேட்டாள்.

"நரகாசுரனப் பத்தி இதுல ஒண்ணும் போடலியே?"

"அசுரனுக்கு இன்னாத்துக்குமா சாங்கியம்?" என்றார் மணவாளன். "அத யாரு வேணா ஆடலாம்."

"அப்ப எழுதிக்கங்க. அடுத்த வருசம் நரகாசுரன் நான்."

வேம்புலி சோபாவிலிருந்து எழுந்துவிட்டான். "அண்ணி! அது என் வேசம்!"

"நீ பாமா ஆடு. வில்லு கீது, பொடவ நான் தரேன்."

சாமுண்டீஸ்வரியின் கையில் தட்டு ஆடியது. அன்றைக்குக் குங்குமம் கொஞ்சம் சிந்தியது. கிரணுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. துருப்பிடித்த கீல்போல, வெளியே வரும்போது சத்தம் போட்டது.

மணவாளன் தீர்மானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடுக்க அதில் ஒரு வரியும் இல்லை. "சரி, ஆடிக்கோ," என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. ஏழு மணிக்குக் கரெக்டா சாவணும்."

விஜி காகிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"அத அன்னிக்குப் பாத்துக்கலாம் தலைவரே."